குதிரையைப் பார்த்துக்கொள்பவரை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேட்டிருப்பது இதுதான்: குதிரையை ஒரு லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விட்டிருக்கிறீர்கள். வேலை, குடும்பம் என்று வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் போக முடிகிறது. தீனி, தண்ணீர், துப்புரவு, மாலிஷ் எல்லாம் அங்கிருக்கும் பணியாளர்கள் கையில்தான். நன்றாகவும் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நன்றியை எப்படிக் காட்டுவது? பணம் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? பரிசு என்றால் எதை வாங்குவது?

பணம் தாராளமாகக் கொடுக்கலாம், பெரும்பாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விடுகிற உரிமையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த உரிமையாளரை உங்களுக்குப் பிடிக்கும் என்று லாயத்தில் வேலை செய்கிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அதிகம் கொடுக்கிறவர் பெயர் முதலில் வருவது அபூர்வம். சொன்ன நேரத்துக்கு வருகிறவர், ஒரு விஷயம் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறவர், குதிரைக்கு ஒரு சிராய்ப்பு என்றால் குதிக்காதவர், இப்படிப்பட்டவர்கள் பெயர்தான் வரும். அதனால் பணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவர்கள் செய்கிற வேலை என்னவென்று ஒரு தடவையாவது முழுசாகப் பாருங்கள். விடியற்காலையில் போய் அவர்கள் கூடவே நில்லுங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடும். சிறுநீர் தனி. நனைந்த படுக்கையையும் சேர்த்து அள்ளித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி குதிரையின் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். குடிக்க 25 முதல் 45 லிட்டர் தண்ணீர், வெயில் கொளுத்தினால் இன்னும் கூடுதல். புல்லும் தீவனமுமாக உடல் எடையில் இரண்டு சதவீதம், அதாவது பத்துக் கிலோ அளவுக்கு. இது ஒரு குதிரையின் கணக்கு. ஒரு பணியாளர் பொறுப்பில் ஒரே ஒரு குதிரை இருக்கிற லாயம் அபூர்வம்.

கையால் செய்கிற வேலை இவ்வளவு. கண்ணால் செய்கிற வேலை தனி, பல உரிமையாளர்களுக்கு அது தெரிவதே இல்லை. அனுபவம் உள்ளவர் காலையில் கொட்டடிக் கதவைத் திறந்ததும் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ராத்திரி வைத்த தீனியில் மிச்சம் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, லத்தி எத்தனை குவியல் கிடக்கிறது, அது ஈரமான உருண்டையாக இருக்கிறதா அல்லது காய்ந்து சளி படிந்திருக்கிறதா, இவ்வளவும் உள்ளே கால் வைப்பதற்கு முன்பே பார்த்தாகிவிடும். அப்புறம் வாலைப் பார்ப்பார். வால் மயிரில் வைக்கோல் சிக்கியிருந்தால் குதிரை இரவில் படுத்து எழுந்திருக்கிறது. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கீழே படுத்தாக வேண்டும். நாள்கணக்காகப் படுக்காத குதிரைக்கு எங்கோ வலி இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் ஏதோ பயம். அடுத்து குனிந்து, முன்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் காலுக்கொரு கையால் மேலிருந்து கீழே தடவுவார். ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அங்கே நின்றுவிடுவார். குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சுரண்டும்போது கறுத்த கசிவும் அழுகல் நாற்றமும் வந்தால், தொற்று தொடங்கிவிட்டது. எல்லாம் சில நிமிட வேலை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, மனுஷன் குதிரையைச் சும்மா தட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தோன்றும்.

இந்தக் கண் எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், குதிரையின் வயிறு அப்படி. உடம்பு பெரிது, ஆனால் இரைப்பை வெறும் 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதனால்தான் நீண்ட நேரம் பட்டினி போட்டால் புண் வருகிறது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது. வயிற்றுவலி வந்தால் முன்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், வியர்க்கும், படுத்துப் புரளும். நேரத்தோடு பிடித்துவிட்டால் பெரும்பாலும் மருந்திலும் கவனிப்பிலும் சரியாகிவிடும். குடல் முறுக்கிக்கொண்ட பிறகு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை, அதிலும் பிழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ராத்திரி கடைசிச் சுற்றில் ஒருவர் கொட்டடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "இன்னிக்கு இவன் லத்தியே போடலையே" என்று யோசிப்பதில் உங்கள் குதிரையின் உயிர் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் நன்றியின் தரமே மாறிவிடும். "ரொம்ப நன்றி, நல்லா பாத்துக்கறீங்க" என்பது யாரும் யாருக்கும் சொல்லக்கூடியது. "பின்னங்கால்ல சூடு இருக்குன்னு சொன்னீங்களே, டாக்டர் வந்து பார்த்தார். தசைநாண்ல வீக்கம் ஆரம்பிச்சிருக்காம். நீங்க சொல்லலைன்னா நான் மறுநாள் சேணம் போட்டு ஏறியிருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கவனித்தது வீண் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும், அடுத்த தடவை சின்னதாக ஏதாவது கண்ணில் பட்டாலும் தயங்காமல் உங்களுக்குச் சொல்வார். இதையே லாயத்து மேலாளர் முன்னாலும் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு வரி எழுதியும் அனுப்புங்கள். குறை மட்டும்தான் மேலாளர் காதுக்குப் போகும் என்பது பெரும்பாலான லாயங்களின் நிலைமை. சம்பள உயர்வு, பொறுப்பு என்று பேச்சு வரும்போது உங்கள் ஒரு வரி வேலை செய்யும்.

கூப்பிடும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்காதீர்கள், சின்னப் பையனாகவே இருந்தாலும் விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். குதிரையிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அடுத்தது, அவர்கள் வேலையைச் சுலபமாக்குவது. கட்டணத்தைத் தேதி தவறாமல் கட்டுங்கள். சின்ன லாயங்களில் பத்துப் பேர் இழுத்தடித்தால் சம்பளம்தான் முதலில் தள்ளிப்போகும். லாடம் அடிப்பவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். அன்றைக்கு நீங்கள் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் வந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு உங்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாலிஷ் செய்த இடத்தில் விழுந்த மயிரையும் குளம்பிலிருந்து உதிர்ந்த மண்ணையும் நீங்களே கூட்டிவிடுங்கள். நடைபாதையில் குதிரை லத்தி போட்டால் நீங்களே அள்ளுங்கள். பிய்ந்துபோன தலைக்கயிறு, கொக்கி உடைந்த போர்வை இவற்றை அவர்கள் கேட்பதற்கு முன்பே மாற்றிக்கொடுங்கள். அறுந்துபோகிற கயிற்றோடு துள்ளுகிற குதிரையை நடத்திக் கூட்டிப்போகிறவர் அவர்தான், உதை வாங்குகிறவரும் அவர்தான். உங்கள் சாமான்களில் பெயர் எழுதி வையுங்கள்.

அறிவுரைகளை ஒரே வாயிலிருந்து கொடுங்கள். அப்பா ஒன்று சொல்வார், பெண் இன்னொன்று சொல்வாள், பயிற்சியாளர் மூன்றாவதாக ஒன்று சொல்லிவிட்டுப் போவார், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பணியாளர். தீனியில் மாற்றம் என்றால் எழுதிக் கொட்டடிக் கதவில் ஒட்டுங்கள், ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் நீங்கள் ஆசை ஆசையாகக் கூடுதலாக ஊட்டிவிட்டுப் போனால், மறுநாள் வயிற்று உபாதைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

என்னைக் கேட்டால், ஓர் உரிமையாளர் பணியாளருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒரு தாளில் இருக்கிறது. அவசரம் என்றால் மருத்துவரைக் கூப்பிட என் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை புரள்கிறது, உங்கள் போன் எடுக்கவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டால், ஒன்றுமில்லாததற்குச் செலவு வைத்துவிட்டான் என்று திட்டு விழுமோ என்ற பயம், கூப்பிடாவிட்டால் குதிரை போய்விடுமோ என்ற பயம். அந்த இடத்தில் ஒரு மனிதரைத் தனியாக நிற்க வைக்காதீர்கள். எந்த மருத்துவர், அவர் கிடைக்காவிட்டால் யார், எவ்வளவு செலவு வரை உங்களைக் கேட்காமலே செய்யலாம், அறுவை சிகிச்சை வரை போகச் சம்மதமா, நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார், அவர் எண் என்ன, காப்பீடு இருந்தால் அதன் விவரம், எல்லாம் அதில் இருக்கட்டும். ஓய்வாக இருக்கும்போது உங்கள் குதிரையின் நாடித்துடிப்பு, உடல் வெப்பம் என்ன என்பதையும் எழுதிவையுங்கள். பொதுவாக வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் என்பார்கள், ஆனால் உங்கள் குதிரையின் வழக்கமான அளவு தெரிந்தால்தான் ஏறியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அப்புறம், அவர் கூப்பிட்டு மருத்துவர் வந்து "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்தச் செலவை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டதற்கு நன்றி சொல்லுங்கள்.

சரி, பணம். லாயத்தில் இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று மேலாளரிடம் முதலில் கேளுங்கள். சில இடங்களில் தனித்தனியாகக் கொடுக்கக் கூடாது, பொதுவாகச் சேர்த்துப் பிரித்துக்கொள்வார்கள். விதி இல்லையென்றால் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய உறையில் போட்டு, கையிலேயே கொடுங்கள், கூட இரண்டு வரி எழுதி வைத்தால் இன்னும் நல்லது. உங்கள் குதிரையைத் தினமும் கவனிப்பவருக்குக் கூடுதலாக இருக்கட்டும், ஆனால் வார விடுமுறையில் மாற்றாக வருகிறவர், ராத்திரிக் காவலர், தீவன மூட்டை இறக்குகிறவர் இவர்களை விட்டுவிடாதீர்கள். ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை மறந்தால், நீங்கள் கிளம்பிய பிறகு அங்கே நடக்கிற பேச்சு உங்கள் காதுக்கு வராது, அவ்வளவுதான்.

குதிரை காயம்பட்டுக் கிடக்கும் காலம் வேறு கணக்கு. ஒரு நாளைக்குப் பல முறை கட்டுப் பிரித்துக் கட்டுவது, காலில் குளிர்ந்த நீர் பாய்ச்சுவது, கையில் பிடித்து மெதுவாக நடத்துவது, நடுராத்திரி மருந்து என்று வேலை இரட்டிப்பாகும். இதையெல்லாம் நன்றிப் பணத்தில் சேர்க்காதீர்கள். அது கூடுதல் வேலை, அதற்குக் கூடுதல் கூலி என்று லாயத்தோடு பேசி முறையாகக் கொடுங்கள், பணம் வேலை செய்தவர் கைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். குதிரை தேறிய பிறகு மனசாரக் கொடுப்பது அதற்கு மேல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பணத்தைக் கொடுத்துவிட்டு "நம்ம குதிரைக்கு மட்டும் கொஞ்சம் ஸ்பெஷலா" என்று காதில் ஓதாதீர்கள். பக்கத்துக் கொட்டடியின் பங்கு குறையும், அவருக்கும் லாயத்துக்கும் நடுவில் சிக்கல் வரும். சம்பளமே போதவில்லை, ஆள் பற்றாக்குறை, ஒருவர் தாங்க முடியாத அளவு குதிரைகளைப் பார்க்கிறார் என்று தெரிந்தால், உறையில் இரண்டு நோட்டு கூடுதலாக வைத்து அதைச் சரிசெய்துவிட முடியாது. மற்ற உரிமையாளர்களையும் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசுங்கள். கட்டணம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, ஆட்களைச் சேருங்கள் என்று நீங்களே சொன்னால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

பரிசு என்றால் வேலையில் உழைக்கிற பொருளாக இருக்கட்டும். நல்ல கையுறை, தண்ணீர் புகாத பூட்ஸ், மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, சூடு தாங்கும் பிளாஸ்க். அளவு கேட்டு வாங்குங்கள், அளவு பொருந்தாத பூட்ஸால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. குதிரை படம் போட்ட சாவிக்கொத்தும் கோப்பையும் ஏற்கெனவே அவர்களிடம் நிறைய இருக்கும். தின்பண்டம் என்றால் எல்லோருக்கும் போதுமான அளவில், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு. படிக்க விருப்பம் உள்ள இளைஞராக இருந்தால் முதலுதவிப் பயிற்சிக்கோ குதிரைப் பராமரிப்புச் சான்றிதழுக்கோ கட்டணம் கட்டிவிடலாம். நான் பார்த்தவரை, நாள்பட நிற்கும் பரிசு இதுதான்.

இன்னொன்று, செலவே இல்லாதது. போட்டியில் ஜெயித்ததும் எடுக்கிற படத்தில் குதிரை இருக்கும், ஏறியவர் இருப்பார், உரிமையாளர் இருப்பார், கயிற்றைப் பிடித்திருப்பவரை ஓரத்தில் வெட்டிவிடுவார்கள். நான் பழகிய ஒரு லாயத்தில் ஓர் உரிமையாளர் குதிரையும் பராமரிப்பாளரும் மட்டும் இருக்கிற படமாக எடுக்கச் சொல்லி, சட்டம் போட்டு அந்தப் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவர் வாங்கியதும் முதலில் பார்த்தது குதிரையின் பிடரி மயிரைத்தான். "அன்னிக்குப் பின்னல் நல்லா அமைஞ்சுது" என்றார், கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

குதிரை உலகத்துக்கு இந்த நன்றி புதிதும் அல்ல. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று, மூன்றாவதில் 31 குதிரை நீளம் முந்திய செக்ரடேரியட் என்ற குதிரைக்குக் கென்டக்கி குதிரைப் பூங்காவில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அதில் மேலே ஜாக்கி ரான் டர்காட், கீழே குதிரையைப் பிடித்து நடத்திவரும் பராமரிப்பாளர் எடி ஸ்வெட். பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும்போது, நேர்த்தியாகத் தயார் செய்யப்பட்ட குதிரையைத் தேர்ந்தெடுத்து அதன் பராமரிப்பாளருக்குப் பரிசு தரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் வென்ற பரிசுத்தொகையில் ஒரு பங்கு லாயப் பணியாளர்களுக்கென்றே போகிறது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஆண்டு விருதுகளில் சிறந்த பராமரிப்பாளருக்கென்று தனி விருது வைத்திருக்கிறது. உங்கள் குதிரை எங்கேயாவது பரிசுத்தொகை வென்றால் அதிலிருந்து ஒரு பங்கு என்று நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஜெயித்த பிறகு யோசித்தால் கை சுருங்கும்.

குற்றம் சொல்வதிலும் நன்றி தெரியும். மேய்ச்சல் வெளியில் மற்ற குதிரைகளோடு விடப்படும் குதிரைக்குக் கடியும் உதையும் படும், வேலியில் உரசும். சிராய்ப்பைப் பார்த்ததும் "யார் பார்த்துக்கிட்டது?" என்று கேட்டால், அடுத்த காயம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. "எப்போ பார்த்தீங்க, என்ன போட்டீங்க?" என்று கேளுங்கள். உண்மையிலேயே அலட்சியம் என்றால் மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், நாலு பேர் நடுவில் வேண்டாம்.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று. குதிரையை விற்கிறீர்கள், வேறு லாயத்துக்கு மாற்றுகிறீர்கள், அல்லது தேறாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். உங்களைவிட அதிக நேரம் அதனோடு இருந்தவருக்கு இதை வண்டி வந்து நிற்கும்போதுதான் சொல்வீர்களா? முன்னாலேயே சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்கு விடுமுறை என்றால் வர விருப்பமா என்று கேளுங்கள். சிலர் வருவார்கள், சிலர் முந்தின நாளே பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், அது அவர் இஷ்டம். குதிரை இறந்துவிட்டால் ஒரு கொத்து வால் மயிரை வெட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. உங்களுக்கு எடுக்கும்போது அவருக்கும் வேண்டுமா என்று கேளுங்கள். புது இடத்துக்குப் போன குதிரை என்றால் அவ்வப்போது ஒரு படமும் இரண்டு வரிச் சேதியும் அனுப்பிவையுங்கள்.

மாறாக, அவரே வேலையை விட்டுப் போகிறார் என்றால் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுங்கள். "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று மொட்டையாக எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை வருஷம் உங்கள் குதிரையைப் பார்த்தார், எந்த மாதிரிக் குதிரை, கட்டுப் போடத் தெரியுமா, ஊசி போட்ட பிறகான கவனிப்பு தெரியுமா, துள்ளுகிற குட்டியைக் கையாள்வாரா, வண்டியில் ஏற்றி இறக்கத் தெரியுமா, எந்த நோயை நேரத்தோடு கண்டுபிடித்தார் என்று விவரமாக எழுதுங்கள். கீழே உங்கள் போன் எண்ணையும் போடுங்கள், புது லாயத்துக்காரர் விசாரிக்கக் கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள்.